புது ஆள் வந்தால் நாற்காலி போடாத துறை

பன்னிரண்டு வருடமாக ஒரே கல்லூரியில் பாடம் நடத்துகிறவர், வாசலில் புது ஆள் ஒருவர் வந்து நின்றால் எதற்காகப் பயப்பட வேண்டும்? கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் உள்ள அந்த அரசுக் கலைக் கல்லூரியில், அன்று அதை நேரில் பார்த்தவர்களுக்குப் பதில் தெரியவில்லை. பையன்கள் அத்தனை பேருக்கும் பிடித்த கோபால் சார், வியர்த்து வழிய வந்து நின்ற ஒரு பெரியவரை உட்காரச் சொல்லவில்லை. தண்ணீர் வேண்டுமா என்றும் கேட்கவில்லை. ஏன் என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டதுதான் இந்தக் கதை.

கோபாலின் அப்பா ஊரில் மற்றவர்களின் நெல் வயலில் கூலி வேலை செய்தவர். சிப்காட் வந்த பிறகு இரும்பு உருக்கும் கம்பெனி ஒன்றில் லோடு ஏற்றப் போனார். கோபாலும் இரவு ஷிஃப்ட்டில் வேலை பார்த்துக்கொண்டேதான் பொருளியல் படித்தார். விரிவுரையாளர் ஆவதற்கான தகுதித் தேர்வில் தேறினார், டாக்டர் பட்டமும் வாங்கினார். ஊரில் எல்லோரும் அவரைப் புரொபசர் என்பார்கள். கல்லூரியில் அவருடைய வேலைக்குப் பெயர் கௌரவ விரிவுரையாளர். பேச்சில் 'கெஸ்ட்'.

கெஸ்ட் என்றால் விருந்தாளி. விருந்தாளி எத்தனை நாள் இருக்கலாம் என்பது வீட்டுக்காரர் கையில் இருக்கிறது. ஒவ்வொரு ஜூன் மாதமும் புதிதாக உத்தரவு வர வேண்டும். வெளியூர்க் கல்லூரியிலிருந்து நிரந்தரப் பேராசிரியர் ஒருவர் மாறுதல் வாங்கிக்கொண்டு வந்தால், அதே பாடத்தில் இருக்கும் கெஸ்ட் ஒருவர் கிளம்ப வேண்டும். சம்பளம் குறைவு என்பது கோபாலுக்குப் பழகிவிட்டது. இது மட்டும் பழகவில்லை.

பொருளியல் துறையில் மூன்று பேருக்குத்தான் வேலை இருந்தது. துறைத் தலைவர் கிறிஸ்டினா மேடம் நிரந்தரம். கோபாலும் நர்மதாவும் கெஸ்ட். ஒருவர் வந்தால் ஒருவர் போக வேண்டும். பிந்திச் சேர்ந்தவர் என்பதால் நர்மதாதான் போவார் என்று கோபால் தன்னைத் தேற்றிக்கொள்வார். நர்மதா தேசிய அளவிலான தகுதித் தேர்வில் தேறியவர். அதனால் கோபால்தான் போக வேண்டியிருக்கும் என்று நர்மதா நினைத்துக்கொள்வார். யார் போவார் என்று யாரும் அவர்களுக்குத் தெளிவாகச் சொன்னதில்லை. அதனால் ஒருவர் முதல்வர் அறைக்குப் போய்விட்டு வந்தால், "இன்னா மேட்டரு?" என்று மற்றவர் கேட்பார். "ஒண்ணுமில்ல" என்று பதில் வரும். அந்த ஒண்ணுமில்லையை நினைத்தே ஒரு வாரம் தூக்கம் போகும்.

கோடை வந்தால் சந்தேகம் இன்னும் கூடும். மாறுதல் கலந்தாய்வு நடக்கப்போகிறது என்று அர்த்தம். அதற்கு முன்னால் நிரந்தரப் பேராசிரியர்கள் காலி இடம் உள்ள கல்லூரிகளை வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். அவர்களைக் கண்டுபிடிக்க கோபாலுக்கு ஒரு வழி இருந்தது. புத்தகம் விற்க வருகிறவர் நேராகத் துறைக்கு வந்து சிரிப்பார். பையனைச் சேர்க்க வருகிற அப்பா அலுவலக ஜன்னலில் நிற்பார். மாறுதல் கேட்டு வருகிறவர்தான் கழிப்பறையை எட்டிப் பார்ப்பார், குழாயைத் திறந்து பார்ப்பார், மாடிப்படியை அண்ணாந்து பார்ப்பார்.

அந்த ஏப்ரல் காலையில் வந்த பெரியவர் மூன்றையும் செய்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். முழுக்கைச் சட்டை, தோளில் ஒரு துணிப்பை. கோபால் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மேடம், வந்துட்டாரு" என்றார் நர்மதாவிடம்.

"யாரு?" என்று நர்மதா எழுந்தார். பார்த்ததும் மறுபடி உட்கார்ந்துவிட்டார். "குழாய திறக்கறாரு சார்."

பெரியவர் துறை வாசலுக்கு வந்தார். "எகனாமிக்ஸ் டிபார்ட்மென்ட் இதானுங்களா? என் பேர் சந்திரமோகன்."

"ஆமா. இன்னா விஷயம் சார்?"

"சும்மா பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்."

சும்மா பார்க்க யாரும் கல்லூரிக்கு வருவதில்லை. துறையில் காலி நாற்காலி ஒன்று இருந்தது. அதன் மேல் விடைத்தாள் கட்டு இருந்தது. கோபால் அதை எடுக்கவில்லை.

சந்திரமோகன் நின்றுகொண்டே கேட்டார். "இங்க தண்ணி எப்படி?"

"அத்த ஏன் கேக்கறீங்க" என்று நர்மதா முந்திக்கொண்டார். "வாயில வைக்க முடியாது சார். துணி தொவைச்சா செவப்பா பூடும்." அதே தண்ணீர் நிரப்பிய தன் பாட்டிலை மெதுவாக மேசைக்கு அடியில் தள்ளிவிட்டார்.

"பஸ்?"

"பஸ்ஸு வரும். ஆனா அது வர்றதுக்குள்ள நாலு லாரி நம்ம மேல ஏற பாக்கும்" என்றார் கோபால். "ரோட்ட பாத்துகினு தானே வந்தீங்க? மண்ணு, பொகை. எனக்கே வீசிங்."

கோபாலுக்கு வாழ்நாளில் வீசிங் வந்ததில்லை.

சந்திரமோகன் தலையாட்டினார். பிறகு கொஞ்சம் யோசித்து, "மதியத்துக்கு மேல கிளாஸ் வெச்சா பசங்க வருவாங்களா?" என்று கேட்டார்.

கோபாலுக்கு அந்தக் கேள்வி வேறு மாதிரி காதில் விழுந்தது. மதிய வகுப்பில் பையன்கள் ஓடிவிடுவார்கள், சீக்கிரம் வீட்டுக்குப் போகலாமா என்று ஆழம் பார்க்கிறார் என்று நினைத்தார். கோபால் போட்ட இந்தக் கணக்கு சரியாக இருந்தால், 'வருவார்கள்' என்று சொன்னாலே போதும், ஆள் பயந்துவிடுவார். ஆனால் கோபால் அவ்வளவு தூரம் யோசிக்கவில்லை. எதைக் கேட்டாலும் கெடுதலாகச் சொல்ல வேண்டும் என்ற வேகத்தில் இருந்தார்.

"ஒருத்தனும் வர மாட்டான் சார். எல்லாம் கம்பெனிக்கு போற பசங்க. கையில காசு பாத்துட்டானுங்க. படிப்புல அக்கறையே கெடையாது. கேட்டா மொறைப்பானுங்க."

இரவு ஷிஃப்ட் முடித்து, கண் எரிய முதல் பெஞ்சில் வந்து உட்காருகிற பையன்கள் அவர்கள். படிப்பை விட்டவர்களின் வீட்டுக்கே போய்க் கூப்பிட்டு வருகிறவர் கோபால். நர்மதா அவரைத் திரும்பிப் பார்த்தார்.

சந்திரமோகன் பெருமூச்சு விட்டார். "போற எடத்துல எல்லாம் இப்படித்தான் சொல்றாங்க. திருவள்ளூர் பக்கம் ஏஞ்சலின் மேடம்தான், உங்க காலேஜ் நல்ல காலேஜ், கோபால் சார் தங்கமான மனுஷன், போய்ப் பாருங்கன்னு சொன்னாங்க."

அவர் படி இறங்கியதும் கோபால் போனை எடுத்தார். ஏஞ்சலின் அவரோடு எம்.ஏ. படித்தவர். திருவள்ளூர் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் அதே பொருளியல், அதே கெஸ்ட்.

"ஏஞ்சலு, ஒருத்தர என்கிட்ட அனுப்பினியா?"

"வந்துட்டாரா? அதுக்குள்ளயா?" என்றார் ஏஞ்சலின்.

"நல்லாருக்கியா நீ? தங்கமான மனுஷனாம் நானு!"

"இன்னா பண்ண சொல்ற? மணவாள நகர்ல எங்கூட்டுலேந்து ரெண்டு தெரு தள்ளி இருக்காரு. எங்க காலேஜு அவருக்கு நடந்து போற தூரம். வந்தா நான் ரோட்ல நிக்கணும். எங்கூட்டுக்காரருக்கு வள்ளூர் கரன்ட் பிளான்ட்ல கான்ட்ராக்ட் வேலை, இன்னிக்கு இருக்கும் நாளைக்கு இருக்காது. உனக்காச்சும் உன் பொண்டாட்டி விக்டோரியா கம்பெனில பர்மனன்ட்டு."

"அதுக்கு?"

"அதுக்குத்தான் உன்கிட்ட அனுப்பினேன். நீ பெரியபாளையம் பக்கம் ஒரு காலேஜ்ல நம்மள மாதிரி கெஸ்ட்டா யேசுதாஸ் இருக்கான் பாரு, அவன்கிட்ட தள்ளி வுட்டுடு. தங்கமான மனுஷன்னு சொல்லு."

கோபால் போனை வைத்துவிட்டார். அன்று முழுவதும் அவருக்குக் கோபம் ஏஞ்சலின் மேல்தான். ஆளை விரட்டியாகிவிட்டது என்ற நிம்மதியும் கூடவே இருந்தது. அந்த நிம்மதி மறுநாள் காலை வரைதான் நின்றது.

கிறிஸ்டினா மேடம் அவர்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்தார். "நேத்து சந்திரமோகன்னு ஒருத்தர் வந்தாரா?"

"வந்தாரு மேடம்" என்றார் நர்மதா.

"இங்க வர்றதுக்கு முன்னாடியே பிரின்சிபாலைப் பார்த்திருக்கார். கம்பெனி வேலைக்குப் போற பசங்களுக்கு மதிய ஷிஃப்ட் ஆரம்பிக்கணும்னு பிரின்சிபால் ரொம்ப நாளா கேட்டுட்டு இருக்கார் இல்ல? பொறுப்பெடுக்க ஒரு பர்மனன்ட் ஆள் வேணும், யாருமே ஒத்துக்கல. இவர் தானா வந்து, 'நான் எடுத்துக்கறேன், மதியம் மட்டும்தான் வருவேன், காலை கிளாஸ் எனக்கு வேண்டாம்'னு சொல்லியிருக்கார். அப்படி நடந்தா காலையில உங்க ரெண்டு பேர் வேலையும் அப்படியே இருக்கும். மதியத்துக்கு இன்னும் ஒருத்தரே எடுக்கலாம்."

நர்மதா கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார்.

"டிபார்ட்மென்ட்ல பேசிட்டு வர்றேன்னு போனவர், திரும்பி வந்து, 'பசங்க வரவே மாட்டாங்கன்னு உங்க ஸ்டாஃபே சொல்றாங்க, வேண்டாம் சார்'னு போய்ட்டாராம். யார் சொன்னது?"

மேடம் கோபாலை மட்டும் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். "இங்க ஒரு பர்மனன்ட் இடம் காலின்னு அரசுக்குப் போயாச்சு. கலந்தாய்வுல யாரோ ஒருத்தர் எடுக்கத்தான் போறாங்க. எடுக்கறவங்க காலை ஷிஃப்ட்தான் கேப்பாங்க. அப்போ உங்கள்ல ஒருத்தர்..." முடிக்காமல் எழுந்து போய்விட்டார்.

"சார், அவர போய் பாருங்க" என்றார் நர்மதா. உடனே அவரே, "வேணாம் சார். இது கூட நாடகமா இருக்கும். மதியம்னு சொல்லி உள்ள வந்துட்டு, ஒரு மாசம் கழிச்சு காலை கிளாஸ் கேட்டா இன்னா பண்ணுவீங்க? எந்த பர்மனன்ட் ஆளாவது தானா வந்து மதியம் கேப்பானா?" என்றார்.

கோபாலுக்கும் அதே சந்தேகம்தான். மூளையைக் கசக்கிப் பார்த்தும், ஒரு மனிதர் காலை வேலையை வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் எதுவும் அவருக்குத் தோன்றவில்லை.

மாலையில் விக்டோரியாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். விக்டோரியா சிப்காட்டில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருப்பவர். பத்தாவது படித்தவர், கம்பெனியில் நிரந்தரம். இந்த ஒன்றை வைத்து அவர் புருஷனைக் கிண்டல் செய்யாத வாரம் கிடையாது. அன்று கிண்டல் செய்யவில்லை.

"தண்ணி குடுத்தியா அவருக்கு?"

"இல்ல."

"இன்னாய்யா நீ! எங்க லைன்ல புது ஆளு வந்தா நாங்க டீ வாங்கி குடுப்போம்."

"உனக்கு வேலை போவாது. அதனால டீ வாங்கி குடுப்ப."

விக்டோரியா ஒரு வெங்காயத்தை எடுத்து நறுக்கினார். பிறகு, "பேஜாரு புடிச்ச பொழப்புதான். ஒத்துக்கறேன். ஆனா அந்த பசங்கள பத்தி அப்படி சொன்ன பாரு, அதான் தப்பு. போய் சொல்லு, பொய் சொன்னேன்னு" என்றார்.

"நம்புவாரா?"

"உன் வாயால சொன்னா எவன் நம்புவான்? எங்க கம்பெனி கேட்டுக்கு இட்டுகினு வா. ரெண்டு மணிக்கு ஷிஃப்ட் வுடும். பசங்க வாயாலயே கேக்கட்டும்."

முகவரி ஏஞ்சலினிடம்தான் கேட்க வேண்டியிருந்தது. "எதுக்கு? திருப்பி என்கிட்டயே தள்ளி வுடறதுக்கா?" என்றார் ஏஞ்சலின். நடந்ததை முழுக்கச் சொன்ன பிறகும், "நெஜமாத்தானே சொல்ற?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் தெருப் பெயரைச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை கோபால் பைக்கை எடுத்துக்கொண்டு மணவாள நகர் போனார். கதவைத் திறந்த சந்திரமோகன் முகத்தில் சிரிப்பு இல்லை.

"சொல்லுங்க."

"சார், அன்னிக்கு நான் சொன்னது அத்தனையும் பொய். தண்ணி, வீசிங், பசங்க, எல்லாமே. பசங்க வருவாங்க சார்."

"இப்ப எதுக்கு வந்து சொல்றீங்க? அந்த எடத்துக்கு வேற யாரோ வர்றாங்கன்னு தெரிஞ்சிருக்கும். அவங்க வந்தா உங்க வேலை போகும். நான் வந்தா போகாது. அதானே?"

"ஆமா சார்" என்றார் கோபால்.

அந்த 'ஆமா'வைக் கேட்டு சந்திரமோகன் கதவை முழுசாகத் திறந்தார். உள்ளே கூடத்துக் கட்டிலில் ஒரு அம்மா சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில் அசையாமல் கிடந்தது.

"பூவம்மாள், என் மனைவி. பக்கவாதம் வந்து ஒரு வருஷம் ஆச்சு. எனக்கு தென்கோடியில வேலை. மாசத்துல ரெண்டு தடவை வந்து பார்க்கறேன். காலையில குளிப்பாட்டி, நாஷ்டா குடுத்து, உடற்பயிற்சி செய்ய வைக்க ஆள் வேணும். மதியத்துக்கு மேல என் தங்கச்சி வந்துடும். இங்க பக்கத்து காலேஜ்ல மதிய ஷிஃப்ட் கிடையாது. அதான் உங்க காலேஜ்ல வந்து கேட்டேன். நான் யாருக்கும் தருமம் பண்ண வரல."

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சார்."

"சொன்னா? ஊட்ல சீக்காளி இருக்கு, அடிக்கடி லீவு போடுவான், இந்த ஆள் வேணாம்னு உங்க பிரின்சிபால் நெனைக்க மாட்டாரா?"

எல்லோரும் ஒரே மாதிரிதான் பயந்திருக்கிறார்கள் என்பது கோபாலுக்கு அப்போது புரிந்தது. ஆனால் சந்திரமோகன் அவ்வளவு எளிதில் நம்பவில்லை. "பசங்க வரலைன்னா ஷிஃப்ட்ட மூடிடுவாங்க. மூடிட்டா என்னைக் காலையில வரச் சொல்வாங்க. அப்ப இவளை யார் பார்க்கறது? உங்க வார்த்தைய எதை வெச்சு நான் நம்பறது?" என்றார்.

"நாளைக்கு ரெண்டு மணிக்கு ஒரு எடத்துக்கு வாங்க சார்."

மறுநாள் இரண்டு மணிக்குக் கம்பெனி வாசலில் சைரன் ஊதியது. நீலச் சட்டைப் பையன்கள் கூட்டமாக வெளியே வந்தார்கள். முன்னால் வந்தவன் லோகு. முதல் வருடத்திலேயே படிப்பை விட்டவன்.

"கோபால் சாரு! இன்னா சார், நீங்களும் எங்க கம்பெனில சேந்துட்டீங்களா?"

கூட்டம் சிரித்தது. பின்னால் ஒருவன், "கூட யாருடா? லேபர் ஆபீசரா?" என்றான்.

"டேய் லோகு, ரெண்டரை மணிக்கு காலேஜு வெச்சா வருவியா?"

லோகு சிரிப்பை நிறுத்தினான். "எந்த காலேஜு? போன வருசம் ஒருத்தன் வந்து கம்ப்யூட்டர் கோர்ஸுன்னு சொல்லி டப்பு வாங்கினு பூட்டான் சார். ஆபீஸ் தொறந்த எடத்துல இப்ப பிரியாணி கடை."

"நம்ம காலேஜுதான்டா. கவர்மென்ட்டு."

"நைட்டு ஷிஃப்ட் வாரத்துல?"

"மதியம் வரைக்கும் தூங்கிட்டு வா."

பையன்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். பேருந்து ஹாரன் அடித்தும் யாரும் ஏறவில்லை. பஸ் பாஸ் உண்டா, யூனிஃபார்மோடு வரலாமா, வயது தாண்டியவனைச் சேர்ப்பார்களா, பாதியில் விட்டவன் மறுபடி முதல் வருடமா என்று கேள்வியாகக் கேட்டார்கள். சந்திரமோகன் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்றே சொன்னார்.

கடைசியாக லோகு கோபாலிடம் கேட்டான். "எல்லாம் சரி சார். நீங்க இருப்பீங்களா? நீங்க இருந்தா நான் வரேன். புது சாரு எப்படின்னு எனக்குத் தெரியாதே."

கோபால் வாயைத் திறந்தார். பன்னிரண்டு வருடம் வேலை பார்த்த இடத்தில், அடுத்த வருடமும் இருப்பேன் என்று ஒரு பையனுக்கு அவரால் சொல்ல முடியவில்லை.

சந்திரமோகன்தான் பேசினார். "என்னை யாரும் அனுப்ப முடியாதுப்பா. நான் இருப்பேன். இவர் இருக்கறது என் கையிலயும் இல்ல, இவர் கையிலயும் இல்ல. நீங்க நெறைய பேர் வந்தா, இவர் வேண்டாம்னு யாராலயும் சொல்ல முடியாது."

லோகு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். முழுசாக நம்பினானா என்று தெரியாது. "பாக்கலாம் சார்" என்று சொல்லிவிட்டுப் பேருந்தில் ஏறினான்.

கலந்தாய்வில் சந்திரமோகன் அந்த இடத்தையே எடுத்தார். ஜூன் மாதம் வேலையில் சேரும் நாளில், விதிப்படி காலையிலேயே வந்து கையெழுத்துப் போட்டார். அவரைக் காலை நேரத்தில் பார்த்ததும் நர்மதா கோபாலின் காதில், "சொன்னேன் இல்ல சார்?" என்றார். கையெழுத்துப் போட்டவர் உடனே பேருந்து பிடித்து வீட்டுக்குப் போய்விட்டு, மறுநாளிலிருந்து மதியம்தான் வந்தார். அப்படியும் அவர் கால அட்டவணைப் பலகை முன்னால் ஒரு நிமிடம் நின்றால் போதும், நர்மதாவுக்கு இன்றும் படபடப்பு வருகிறது. கோபாலுக்கும் வருகிறது, வெளியே காட்டிக்கொள்வதில்லை. ஒரு வருடத்துக்கு என்று இரண்டு பேருக்கும் உத்தரவு வந்திருக்கிறது. அடுத்த ஜூன் மாதம் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது.

லோகு சேர்ந்துவிட்டான். அவனோடு சிலர் சேர்ந்திருக்கிறார்கள். ஆனால் மதிய வகுப்பில் பின் பெஞ்சுகள் இன்னும் காலியாகத்தான் இருக்கின்றன. அவை நிறையாவிட்டால் இந்த ஷிஃப்ட் ஒரு வருடத்தோடு முடிந்துவிடும். சந்திரமோகன் காலைக்கு வருவார், ஒரு கெஸ்ட் வெளியே போவார், கம்பெனிப் பையன்கள் கம்பெனியோடு நின்றுவிடுவார்கள். சேர்க்கை இன்னும் முடியவில்லை. ஆகவே இதைப் படிக்கிறவர்களிடம் கேட்பது ஒன்றுதான். உங்கள் தெருவில் நீலச் சட்டையோ காக்கிச் சட்டையோ போட்டுக்கொண்டு கம்பெனிப் பேருந்துக்கு நிற்கிறவர்கள் யாராவது இருப்பார்கள். அவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். அவர்கள் சந்தேகப்பட்டால் கோபித்துக்கொள்ள வேண்டாம், இன்னொரு முறை பொறுமையாகச் சொல்லுங்கள். கேட்டவர்களையும் இன்னொருவரிடம் சொல்லச் சொல்லுங்கள்.